மேல்காற்றில் வைத்த கண்ணி

திங்கட்கிழமை காலையில் ரொம்லா சோளக்காட்டுக்குப் போனபோது கண்ணியில் பன்றி மாட்டியிருந்தது.

ராத்திரி முழுக்க மழை. வேலியோரத்துத் தேக்கிலைகள் உதிர்ந்து சேற்றில் ஒட்டிக் கிடந்தன. அவள் முதலில் பார்த்தது சோளத்தைத்தான். பன்றி மேய்ந்தது போக மிச்சமிருந்த ஆறு வரிசையும் பால் பிடித்த கதிரோடு அப்படியே நின்றன. 'அல்ஹம்துலில்லாஹ்' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, பன்றி விரட்டக் கட்டியிருந்த தகர டின்னின் கயிற்றை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். டின் அடித்த சத்தத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று எழுந்து, எழுந்த வேகத்திலேயே தொப்பென்று விழுந்தது.

பெட்டைப் பன்றி. இடது முன்னங்கால் கம்பி வளையத்துக்குள் இருந்தது. அவள் புருஷன் அஸ்முனியின் பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய பிரேக் கம்பி அது. மறுமுனையைத் தேக்கு வேரில் சுற்றி, குறட்டால் முறுக்கிக் கட்டியவள் அவளேதான். பன்றி சுற்றிச் சுற்றி வந்து அந்த இடத்தையே உழுது போட்டிருந்தது. அதன் வயிற்றடியில் மடி கனத்துத் தொங்கியது. புதருக்குள்ளிருந்து செம்மண் நிறத்தில் நாலு குட்டிகள் தலையை நீட்டின. அவளைப் பார்த்ததும் உள்ளே இழுத்துக்கொண்டன.

ரொம்லா அதிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே நடந்து சோளத்துக்குள் வந்து நின்றாள்.

கண்ணி வைப்பது அந்தப் பாவேயன் தீவில் புதிதில்லை. கடல் அமைதியாக இருக்கிற மாதங்களில் அக்கரையிலிருந்து பன்றி தின்கிற ஆட்கள் நாய்களோடு வருவார்கள். பாவேயன்காரர்கள் கண்ணியை வைத்து இடத்தைக் காட்டுவதோடு சரி. அடிப்பதும் அவிழ்ப்பதும் தூக்கிக்கொண்டு போவதும் அந்த ஆட்கள் பாடு. ஊர்க்காரர் ஒருவரும் பன்றியின் ஒரு மயிரைக்கூடத் தொட வேண்டி வராது. மேல்காற்று எழும்பிவிட்டால் கப்பல் நின்றுவிடும். கப்பல் இல்லாத மாதத்தில் ஒருத்தரும் கண்ணி வைக்க மாட்டார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. மழையில் துணி காயப்போடக் கூடாது என்று சொல்லியா கொடுக்கிறார்கள்?

ரொம்லா மேல்காற்றில் வைத்தாள். போன வாரம் ஒரே ராத்திரியில் ஐந்து வரிசை போயிருந்தது. அரிசிக் கப்பல் வராத ரெண்டு மாசத்துக்கு வீட்டில் பொங்குவது அந்தச் சோளம்தான். களை பறித்த முதுகுவலி தீரவில்லை, அதற்குள் சப்பிப் போட்ட சக்கைகளைப் பொறுக்க வேண்டி வந்தது. அழுதுகொண்டே போய் ஓட்டு இறப்பில் தொங்கிய கம்பியை எடுத்தாள். அந்தக் கோபத்தில் மாசம் என்ன, காற்று என்ன என்று எதுவும் அவள் மண்டையில் ஏறவில்லை.

நேராக மர்த்தீயா வீட்டு அடுப்படிக்குப் போனாள். மர்த்தீயா அஸ்முனியின் அக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே முற்றம், ஒரே காடு. ரெண்டு பேர் புருஷன்மாருக்கும் கடல் தாண்டி ஜொகூரில் கட்டட வேலை. மர்த்தீயா கால் நீட்டி உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அடுப்பில் சோளக்குறுணை வெந்துகொண்டிருந்தது.

"என்னட்டி, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? பேய் அறஞ்சிட்டா?"

"மதினி, கண்ணியில பன்னி விழுந்துட்டு."

துருவல் நின்றது. "எந்தக் கண்ணி?"

"நான் வச்சது. மூணு நாளைக்கு முன்னால."

"மேல்காத்துலயா?" மர்த்தீயா துருவியை ஒதுக்கி வைத்தாள். "ஒனக்குக் கிறுக்காட்டி? யாரு வந்து தூக்குவா? குழியிலேருந்து ஒங்க வாப்பா எந்திருச்சு வருவாரா?"

"வெரண்டு ஓடிரும்னு நெனச்சேன். விழும்னு நெனைக்கல."

"கண்ணி வச்சா விழாம, ஒக்காந்து வெத்தலையா போடும்?"

"குட்டி போட்டதா இருக்கு மதினி. நாலு குட்டி பொதருக்குள்ள நிக்கி."

மர்த்தீயா எழுந்து அடுப்பில் விறகைத் தள்ளினாள். அப்புறம், "நீ தொட்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"தொடாத. மழ ஈரம் வேற. ஈரத்துல தொட்டா ஏழு தண்ணி ஊத்திக் கழுவணும், மண்ணு போட்டு. நம்ம தொட்டித் தண்ணி அதுக்குக் காணாது. ஊத்துக்குத்தான் போவணும். ஊத்துல ஒக்காந்து மண்ணு தேச்சியன்னா ஊருக்கே தெரிஞ்சு போவும். சப்ராவி பொண்டாட்டி நாள் பூரா அங்கனதான் கெடக்கா."

சப்ராவி வனக்காவலர். போன வருஷம் படகுத்துறைச் சுவரில் பன்றிப் படம் ஒட்டியவர் அவர்தான். கன்னத்தில் மருவும் பிடரியில் பொன்னிற மயிருமாக ஒரு கிடா. இந்த மருப்பன்றி உலகத்தில் வேறெங்கும் இல்லை, நம்ம தீவில் மட்டும்தான், இருப்பதும் சில நூறுதான், பிடித்தால் ஜெயில் என்று நின்று விளக்கினார். "ஒலகத்துல இல்லாதது எல்லாம் என் சோளத்துக்குத்தான் வருது" என்று அன்றைக்கு மர்த்தீயா சொன்னதற்கு ஊரே சிரித்தது. சப்ராவியும்தான் சிரித்தார்.

"மத்தாலி மாமாகிட்ட ஈட்டி இருக்கில்லா?" என்றாள் ரொம்லா. "ஒரு குத்துல முடிச்சுருவாரு."

"கேட்டுப் பாரு. நான் சொன்னேன்னு சொல்லாத."

மத்தாலி கடற்கரையில் கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். அலை படகுத்துறை வரைக்கும் ஏறி அடித்துக்கொண்டிருந்தது. அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஈட்டி இருக்கும்மா. இடுப்பு இல்ல. நான் ஓங்கினா நான்தான் விழுவேன்."

"ரொம்பப் பாவமா இருக்கு மாமா."

"பாவம்னா சப்ராவிகிட்டப் போயிச் சொல்லு. அவன் வந்து அவுப்பான். அப்புறம், கம்பி யாருதுன்னு கேப்பான்."

ரொம்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

"விட்டுரு," என்றார் மத்தாலி, குரலைத் தாழ்த்தி. "ரெண்டு நாளுல தானா அடங்கிரும். யாரு கையிலயும் ரத்தம் இல்ல. மண்ணத் தள்ளி மூடிரலாம்."

அது அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. திரும்பி வருகிற வழியில், அந்த ஆறுதல் வந்ததை நினைத்துத்தான் அவளுக்கு உடம்பு கூசியது.

அன்றைக்குப் பகல் முழுக்க வேலையை இழுத்துப் போட்டுச் செய்தாள். கோழிக்கூட்டைக் கழுவினாள். மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்து மலையாகக் குவித்தாள். புளிச்சக்காய் போட்டு மீன் குழம்பு வைத்தாள், வைத்துவிட்டுச் சாப்பிடவில்லை. சாயங்காலம் மனது கேட்காமல், ஒரு சிரட்டையை மூங்கிலின் நுனியில் கட்டி, அதில் தண்ணீர் ஊற்றி, தூர நின்று நீட்டினாள். பன்றி மூச்சிரைக்கப் பார்த்தது. மூங்கிலைக் கடித்தது. தண்ணீர் கொட்டிப் போயிற்று. அவள் நாலு கிழங்கை வீசிவிட்டு ஓடி வந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலைத் தொழுகை முடிந்ததும் துஆவுக்குக் கை ஏந்தினாள். என்ன கேட்கிறோம் என்று யோசிக்கும் முன்னமே அவள் வாய் கேட்டுவிட்டது: யா அல்லாஹ், அது செத்திருக்கணும். நான் போறதுக்குள்ள செத்திருக்கணும்.

கேட்ட கையால் முகத்தைத் துடைத்துக்கொள்ள அவளுக்குப் பயமாக இருந்தது.

அது சாகவில்லை. ஒருக்களித்துக் கிடந்தது. குட்டிகள் மடியில் முட்டி முட்டிச் சப்பின. அவள் கால் சத்தம் கேட்டதும் குட்டிகள் ஓடின, தாய் தலையைத் தூக்கியது. சிரட்டைத் தண்ணீரை அன்றைக்குக் குடித்தது. மூங்கிலைக் கடிக்கவில்லை. கடித்திருந்தாலும் தேவலை என்று ரொம்லாவுக்குப் பட்டது.

மேட்டில் ஒற்றைத் தேக்கு நிற்கிற இடத்தில்தான் போனில் சிக்னல் கிடைக்கும். மத்தியானம் அங்கே போய் அஸ்முனியைக் கூப்பிட்டாள். பின்னணியில் கலவை மெஷின் உருளுகிற இரைச்சல்.

"ஏ ரொம்லா, என்ன இந்நேரத்துல? வீட்டுல எல்லாம் சொகந்தானே?"

சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். "நான் இங்கன கல்லும் மண்ணும் சொமக்கேன், நீ அங்கன பன்னி புடிக்கியா? நல்ல குடும்பம்!"

"சிரிக்காதீக. நேத்துலேருந்து கெடக்கு."

"நேத்துலேருந்தா?" சிரிப்பு நின்றது. "ஏன் விட்டு வச்சிருக்க?"

"தொட முடியாதுல்லா."

"தொட முடியாதுன்னு யாரு சொன்னா? திங்கத்தான் கூடாது. தொட்டா கழுவிக்கிடணும், அவ்வளவுதான். கியாய்கிட்டக் கேளு."

ஊருக்கு மார்க்கம் சொல்லித்தரும் கியாயின் வீடு முப்பது தப்படி தூரம்தான். நேற்றுக் காலையிலிருந்து அந்த வாசலை நாலு தரம் கடந்திருந்தாள். நாலு தரமும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக நடந்தாள். கேட்டால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். 'தொட்டா அசுத்தம், கழுவிக்கோ. உசுரக் கட்டிப் போட்டுப் பட்டினி போடுறது பாவம், அதை எப்படிக் கழுவுவே?' என்பார். அதனால்தான் கேட்கவில்லை.

"ரொம்லா? கேக்குதா?"

"சப்ராவி என்னப் புடிச்சுக் குடுத்துருவாரு. நீங்க அங்க இருக்கீக. நான் ஜெயிலுக்குப் போனா யாரு பாப்பா?"

"அதுக்காவச் சாவட்டும்ங்கியா?" என்றான் அவன். அவன் அதட்டியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். மெதுவாகக் கேட்டான். அதற்குள் யாரோ அவனைக் கூப்பிட, போன் நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் அவள் காட்டுக்குப் போகவில்லை. காலையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மழையைக் காரணம் சொல்லிக்கொண்டாள். மழை அப்படி ஒன்றும் பெரிதாகப் பெய்யவில்லை.

புதன்கிழமை அவள் குறட்டையும் ஒரு சாக்கையும் எடுத்துக்கொண்டு போனாள். மர்த்தீயா பின்னாலேயே வந்தாள்.

"எங்கட்டி போற? நில்லு. கடிச்சு வச்சிரும்ட்டி!"

"கடிக்கட்டும்."

"பெரிய வீராயி! ஒன் வீராப்ப வீட்டுல வச்சிட்டு வா. ஏட்டி, சொல்லுதேன்ல!"

வேலிக்கு அப்பால் ஈ மொய்த்தது. பன்றி எழவில்லை. கம்பி காலுக்குள் புதைந்து, மேலே சதை வீங்கி மூடியிருந்தது. அதற்குக் கீழே குளம்பு கறுத்துவிட்டது. மடி வற்றித் தோலாகத் தொங்கியது. புதரில் ரெண்டு குட்டிகள் நின்றன. மற்ற ரெண்டை ரொம்லா கண்ணால் தேடினாள். வேலிக்கல் ஓரத்தில் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் ஒன்று கிடந்தது. இன்னொன்று எங்குமே இல்லை.

மர்த்தீயாவும் பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் ஒன்றும் திட்டவில்லை.

"மரத்துப் பக்கமா வெட்டிரு," என்றாள் கொஞ்சம் கழித்து. "இங்கன வேருல முறுக்கியிருக்கில்லா, அதத் துண்டா நறுக்கிட்டன்னா அது பாட்டுக்குப் போயிரும். நீ தொட வேண்டாம். ஒருத்தருக்கும் தெரியாது."

ரொம்லா வேரருகே குத்த வைத்து உட்கார்ந்து, கம்பியைக் குறட்டுக்குள் கொடுத்தாள். ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். பன்றி இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விடும். ஊற்றுக்குப் போக வேண்டாம், மண் தேய்க்க வேண்டாம், சப்ராவி இல்லை, ஜெயில் இல்லை. வளையம் மட்டும் காலோடு போகும். காட்டுக்குள் எங்கேயோ கால் அழுகி, அது விழுகிறபோது பார்க்க ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.

அப்படியே உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று மர்த்தீயாவுக்குத்தான் தெரியும்.

பிறகு குறட்டை வெளியே எடுத்தாள். சாக்கைப் பன்றியின் தலைமேல் போட்டு, முழங்காலால் அதன் கழுத்தை அமுக்கிக்கொண்டு, கையால் காலைப் பிடித்தாள். சூடாக இருந்தது. அவ்வளவு சூட்டை அவள் எதிர்பார்க்கவில்லை. காய்ச்சல் கண்ட பிள்ளையின் கால் மாதிரி இருந்தது. மயிர் முள்ளாகக் குத்தியது. பன்றி ஒரு தரம் உதறிப் பார்த்தது, அப்புறம் கிடந்தது. விரலைச் சதைக்குள் விட்டுக் கம்பியைத் தேடினாள். சீழும் ரத்தமும் முழங்கை வரை வழிந்தது. முடிச்சு நழுவவில்லை. குறட்டால் நெம்பி, ஒவ்வொரு இழையாக நறுக்கினாள். கடைசி இழை தெறித்தபோது அவள் உள்ளங்கை கிழிந்தது.

"வா, வா, எந்திரி!" மர்த்தீயா தூர நின்று கத்தினாள். "எந்திருச்சு இங்கிட்டு வாட்டி!"

சாக்கை உருவினாள். பன்றி கிடந்த வாக்கிலேயே அவளைப் பார்த்தது. எழுந்தது, விழுந்தது. மறுபடி எழுந்து, காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலால் நொண்டிப் போயிற்று. பாய்ந்து ஓட அதற்குத் தெம்பில்லை. ரெண்டு குட்டிகளும் பின்னால் போயின. பள்ளத்தருகே அது நின்றது. மூக்கை நீட்டி மோந்து பார்த்தது. பிறகு தேக்குகளுக்குள் நுழைந்துவிட்டது.

ஊற்றில் அந்த நேரத்துக்கு ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். மூங்கில் குழாயிலிருந்து தண்ணீர் கல்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. துணி அடிக்கிற சத்தமும் சிரிப்புமாக இருந்த இடத்தில் ரொம்லா போய், ஓரத்தில் குத்த வைத்து, சேற்று மண்ணை அள்ளிக் கையில் தேய்த்தாள். மர்த்தீயா வாளியைப் பிடித்து ஊற்றினாள்.

ஒன்று. ரெண்டு. துணி அடிக்கிற சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. மூன்றாவது தண்ணிக்கு ஊற்றே அமைதியாகிவிட்டது. எதற்கு அந்தக் கழுவல் என்று அங்கே தெரியாதவர் யாருமில்லை.

சப்ராவியின் மனைவி நூர் அய்னி பிழிந்த துணியைக் கல்லில் வைத்தாள். "நாயா, பன்னியா?"

"நாய்தான்," என்றாள் மர்த்தீயா.

"பன்னி," என்றாள் ரொம்லா. "நான் கண்ணி வச்சேன் அக்கா."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தி தன் குடத்தை ஊற்றின் மேல் பக்கமாக நகர்த்தி வைத்தாள். மர்த்தீயா வாளியோடு நின்றாள், ஊற்றவா வேண்டாமா என்று தெரியாமல்.

நூர் அய்னி கிட்ட வந்து குனிந்து பார்த்தாள். "முழங்கைக்கு மேலயும் இருக்கு பாரு, ரத்தம். அங்கயும் தேயி. உள்ளங்கையில என்ன, கிழிஞ்சிருக்கா? அதுல மண்ணு போடாத, வெறுந்தண்ணி ஊத்து." ஏழாவது தண்ணி முடிகிறவரை நின்றாள். அப்புறம் சொன்னாள்: "அவுக வீட்டுலதான் இருக்காக. வா."

சப்ராவி வாசலில் உட்கார்ந்து பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி சொன்னதைக் கேட்டுவிட்டு, எழுந்து போய்க் கண்ணாடியும் ஒரு நோட்டும் கொண்டு வந்தார். ரொம்லாவின் ஈரக் கையைப் பார்த்தார். அதில் அவள் முக்காட்டு நுனியைச் சுற்றியிருந்தாள்.

"கம்பி எங்க?"

மர்த்தீயா சாக்கில் சுற்றிய கம்பியைத் தரையில் வைத்தாள். அவர் குச்சியால் அதைப் புரட்டினார். ஒட்டியிருந்த மயிரைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"மருப்பன்னிதான். பெட்டையா?"

"ஆமா அண்ணே. குட்டி இருக்கு."

"நடந்துதா?"

"மூணு காலுல போச்சு."

அவர் நோட்டில் எழுதினார். வெகுநேரம் எழுதினார். கண்ணாடியை மூக்கில் தூக்கிவிட்டுக்கொண்டு, "கேளு ரொம்லா," என்றார். "கண்ணி வச்சது குத்தம். அத நான் மேல எழுதித்தான் ஆவணும், ஆபீசுல கூப்புடுவாக. ஆனா இன்னொண்ணும் எழுதுதேன். இத்தன வருசத்துல எனக்குக் கண்ணியிலேருந்து கெடைச்சதெல்லாம் எலும்புதான். பாத்ததும் ஓடிப் போயிக் கையால அவுத்து விட்ட ஆளு இந்த ஊருல நீ ஒருத்திதான். பொம்பளயாளு, அதும் ஒத்தையில. இத எழுதினா அவுக கடுசா ஒண்ணும் செய்ய மாட்டாக."

நூர் அய்னி அவள் முதுகில் கை வைத்தாள். மர்த்தீயா பெருமூச்சு விட்டாள். ரொம்லாவின் காதருகே குனிந்து, "வாயத் தொறக்காத," என்றாள்.

சப்ராவி எழுதியதை வாசித்துக் காட்டினார். "இன்னைக்கு, புதன்கிழம காலையில, கண்ணியில பன்னி விழுந்தத ரொம்லாங்கிறவங்க கண்டு, உடனடியா..."

"உடனடியா இல்ல அண்ணே."

மர்த்தீயா அவள் கையைக் கிள்ளினாள். ரொம்லா அதை விலக்கவில்லை.

"திங்கக்கிழம காலையிலயே பாத்துட்டேன்," என்றாள். "அப்ப அது எந்திருச்சு நின்னுது. கால் நல்லாத்தான் இருந்துது. குட்டி நாலு இருந்துது. செவ்வாக்கெழமயும் பாத்தேன். சாவட்டும்னுதான் விட்டு வச்சேன். தொடக்கூடாதுன்னு விடல. ஒங்களுக்குப் பயந்து விட்டேன்."

நூர் அய்னியின் கை அவள் முதுகிலிருந்து எப்போது எடுபட்டது என்று ரொம்லாவுக்குத் தெரியவில்லை. அந்த இடம் மட்டும் காற்றுப்பட்டுச் சில்லென்று ஆனது.

சப்ராவி அவளைப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, எழுதியிருந்த கிழமையை ஒரு கோடு போட்டு அடித்தார். அதற்கப்புறம் எழுதியிருந்த வரியையும் அடித்தார்.

"முதல்லேருந்து சொல்லு," என்றார். "மெதுவாச் சொல்லு."